மவுத்பீஸ் ஒப்பீடு: யமஹா 4சி, வாண்டோரன் எம்30, வாண்டோரன் பி45

கிளாரினெட்டில் மேல் சுரங்கள் சரியாக வரவில்லை என்று யார் கேட்டாலும் "பி45 வாங்கிப் போடுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். பி45 நல்ல மவுத்பீஸ்தான் (மவுத்பீஸ் என்பது வாயில் வைத்து ஊதும் முனைப் பகுதி), அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. 4சி-யில் ரீடை (மவுத்பீஸில் பொருத்தும், அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாணல் துண்டு) கடித்துக் கடித்து மேல் சுரத்தைப் பிடித்தவர் அப்படியே பி45-க்குத் தாவினால், கீழ் ரெஜிஸ்டர் (கீழ், நடு, உச்சி என்ற மூன்று சுர எல்லைகளில் முதலாவது) உடனே அகலமாகும், கேட்கவும் சுகமாக இருக்கும். மேலே இருந்த சிக்கல் மட்டும் போகாது, இன்னும் அதிகமாகும். அதனால் இந்த மூன்றையும் நடு ரெஜிஸ்டரின் இனிமையை வைத்து மதிப்பிடாமல், கீழிருந்து உச்சிக்கு உதட்டை அசைக்காமல் ஏற முடிகிறதா என்பதை வைத்து எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் அளவுகள். யமஹா 4சி-யின் நுனித் திறப்பு (ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவேயுள்ள இடைவெளி) 1.05 மி.மீ., ஃபேசிங் (விளக்கம் கீழே) 19 மி.மீ. எம்30-க்கு நுனித் திறப்பு 1.15 மி.மீ., ஃபேசிங் நீளமானது. பி45-க்கு 1.195 மி.மீ., நடுத்தர ஃபேசிங். வாண்டோரன் அட்டவணையில் இவை 115, 119.5 என்று இருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு அது. 4சி-க்கும் பி45-க்கும் வித்தியாசம் 0.145 மி.மீ.தான். சாதாரண அச்சுத்தாள் ஒன்றரைத் தாளின் கனம். அவ்வளவு சின்ன இடைவெளி என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். ரீட் ஒவ்வொரு அதிர்விலும் அந்த இடைவெளியைத்தான் கடந்து போய்த் திரும்புகிறது. இடைவெளி கூடினால் அதே ரீட் கெட்டியானது போலத் தோன்றும். 4சி-யில் சுகமாக ஊதிய 3-ஆம் எண் ரீட் (எண் கூடக் கூட ரீட் கெட்டி) பி45-இல் மூச்சு முட்ட வைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஃபேசிங் என்பது ரீட் மவுத்பீஸை விட்டு விலகத் தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரையுள்ள வளைவு. இது நீளமானால் ரீட் அதிக நீளத்துக்கு வளையும், அதனால் திறப்பு பெரிதாக இருந்தாலும் எதிர்ப்பு குறைவாகத் தெரியும். எம்30-இன் சூட்சுமம் இங்கேதான். எண்ணை மட்டும் பார்த்தால் பி45-க்கு அருகில் நிற்கிறது. ஊதிப் பார்த்தால் அதைவிட இலகுவாக இருக்கிறது, சற்றுக் கெட்டியான ரீடையும் ஏற்றுக்கொள்கிறது.

எந்த மவுத்பீஸானாலும் ஊதிப் பார்க்குமுன் இரண்டு சோதனைகள். நுனியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரண்டு பக்க விளிம்புகளும் ஒரே அகலத்தில் இருக்கின்றனவா, நுனி விளிம்பில் கீறலோ பள்ளமோ இருக்கிறதா என்று பாருங்கள். நகம் தட்டுப்படுகிற அளவு சின்னச் சேதம்கூடக் கீச்சொலிக்கு வழிவகுக்கும். அடுத்து, நனைத்த ரீடைப் பொருத்தி, கீழ்த் துளையை உள்ளங்கையால் இறுக மூடி, காற்றை உறிஞ்சி வாயிலிருந்து எடுங்கள். ரீட் ஒட்டிக்கொண்டு ஓரிரு நொடி நின்று "பட்" என்று விட வேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. அதற்காக மவுத்பீஸைக் குறை சொல்லிவிட வேண்டாம். முதலில் வேறு ரீடைப் போட்டுப் பாருங்கள். ரீடின் தட்டையான முதுகு ஈரத்தில் உப்பிப்போனாலும் இதே விளைவுதான்.

இப்போது உதடு. மூன்று மவுத்பீஸுக்கும் பொதுவான நிலை இது. கீழுதட்டின் பாதிச் சிவப்பு கீழ்ப்பற்களின் மேல் மடிந்திருக்க வேண்டும். தாடை தட்டையாகக் கீழ்நோக்கி இழுபட வேண்டும். மேற்பற்கள் மவுத்பீஸின் சரிவில் நுனியிலிருந்து சுமார் 10–12 மி.மீ. தள்ளி அமர வேண்டும். உதட்டோரங்கள் சுருக்குப்பையின் வாய்போல எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கிக் கூட வேண்டும். புன்னகைபோலப் பக்கவாட்டில் விரியக் கூடாது. வலது பெருவிரல் கருவியை மேற்பற்களை நோக்கி மேலே தாங்க வேண்டும். உடலிலிருந்து கருவியின் சாய்வு 30 முதல் 40 பாகை. அழுத்தம் மேலே போவது பெருவிரலால்தான், தாடையால் அல்ல. தாடை மேலே வந்தால் அதற்குப் பெயர் கடித்தல்.

எவ்வளவு உள்ளே எடுப்பது என்பதில்தான் இந்த மூன்றும் பிரிகின்றன. ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் இடையே ஒரு மெல்லிய தாளைச் செருகுங்கள். அது தட்டி நிற்கும் இடத்தில் ரீட் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கீழுதடு ரீடைத் தாங்கும் இடம் அந்தக் கோட்டை ஒட்டி வர வேண்டும். (தாளுக்கும் கனம் உண்டு, அதனால் கோடு உண்மையான ஃபேசிங் தொடக்கத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும், 4சி-யில் 19 மி.மீ. காட்டவில்லையே என்று குழம்ப வேண்டாம்.) எம்30-இல் கோடு நுனியிலிருந்து இன்னும் தள்ளி விழும். 4சி பழக்கத்திலேயே நுனியை மட்டும் கவ்விக்கொண்டு எம்30-ஐ ஊதுபவர்கள் "ஒலி அடைத்தாற்போல் இருக்கிறது" என்று சொல்வார்கள். ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே எடுத்தால் அடைப்பு திறந்துவிடும். இன்னும் உள்ளே போனால் கீச்சிடும். கீச்சொலி வந்த இடத்திலிருந்து ஒரு மயிரிழை பின்வாங்கினால் அதுதான் சரியான அளவு.

இனி முக்கியமான சோதனை. கீழ் ரெஜிஸ்டரில் ஏ சுரத்தைப் பிடியுங்கள்: இடது பெருவிரல், இடக்கை மூன்று விரல், வலக்கை முதல் இரண்டு விரல். நான்கு எண்ணிக்கைக்கு நிதானமாக ஊதுங்கள். மூச்சை நிறுத்தாமல் ரெஜிஸ்டர் கீயை (இடது பெருவிரலால் அழுத்தும், மேல் எல்லைக்குத் தாவ வைக்கும் கீ) திறந்தால் நடு ரெஜிஸ்டரின் ஈ வர வேண்டும். அங்கிருந்து இடது ஆட்காட்டி விரலை மட்டும் தூக்கினால் உச்சி ரெஜிஸ்டரின் சி ஷார்ப். கிளாரினெட் ஒருமுனை அடைபட்ட நேர்குழல்போல வேலை செய்வதால் முதல் தாவல் அடி சுரத்தின் மூன்று மடங்கு அதிர்வெண், இரண்டாவது அதே அடி சுரத்தின் ஐந்து மடங்கு. இடையில் எட்டாம் சுரம் (இரு மடங்கு அதிர்வெண்) என்பதே கிடையாது. மூன்று சுரமும் ஒரே உதட்டில், ஒரே மூச்சில் வர வேண்டும். ரெஜிஸ்டர் கீயை வேறொருவர் எதிர்பாராத நேரத்தில் திறந்துவிட்டால் சோதனை இன்னும் நேர்மையாக இருக்கும். கீ திறக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் தாடை தானாகவே இறுகிவிடும்.

4சி-யில் 2½ ரீடோடு: ஏ தெளிவு, ஈ உடனடி. சி ஷார்ப் வரும், ஆனால் மெலிந்து வரும். உரக்க ஊதினால் சுருதி இறங்கும், கொஞ்சம் கடித்தாலும் ரீட் மூடிக்கொண்டு ஒலியே நின்றுவிடும். மென்மையான ரீடின் குணம் அது. மவுத்பீஸ் மேல் பழி போட முடியாது. 3-ஆம் எண் ரீடுக்கு மாறினால் 4சி-யிலேயே உச்சி ரெஜிஸ்டர் நன்றாக நிற்கிறது. மேல் சுரப் பிரச்சினைக்காக மவுத்பீஸ் வாங்கப் புறப்பட்டவர்களில் பலருக்குத் தேவை ஒரு பெட்டி 3-ஆம் எண் ரீட்தான்.

பி45-இல் 3 ரீடோடு: ஏ சுரம் மூன்றிலும் இதில்தான் அகலம், கூடம் நிறையும். ஈ தாராளம். சி ஷார்ப்பில்தான் கதை மாறுகிறது. நாக்கின் பின்பகுதி கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் சுரம் தாமதமாகிறது, அல்லது ஈ சுரமே பிடிவாதமாக நிற்கிறது. 2½ ரீடைப் போட்டால் சுரம் வருகிறது, ஆனால் சுருதி அலைபாய்கிறது. திறப்பு அகலமாக இருப்பதால் உதட்டின் சின்ன அசைவும் சுருதியில் தெரியும். வழுக்கி ஏறவும் சுரத்தை வளைக்கவும் விரும்புபவர்களுக்கு இதுவே வரம். உதடு இன்னும் நிலைபடாதவர்களுக்கு இதுவே தலைவலி.

எம்30-இல் 3 அல்லது 3½ ரீடோடு: மூன்று சுரமும் ஒரே உடம்பு, ஒரே நிறம். கீழ் ரெஜிஸ்டரில் பி45-இன் அகலம் இல்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஏ-யிலிருந்து சி ஷார்ப்புக்குப் போகும்போது வாயில் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதைக் கற்றுக்கொடுக்கிற மவுத்பீஸ் இந்த மூன்றில் இதுதான்.

இந்த வேறுபாடுகளில் உதட்டுக்கு எவ்வளவு பங்கு, நாக்குக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. பேரலோடு (மவுத்பீஸுக்கு அடுத்து வரும் குட்டைக் குழாய்) மவுத்பீஸை மட்டும் பொருத்தி ஊதி, சுருதி காட்டும் டியூனரைப் பாருங்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டில், டியூனரை பி ஃபிளாட்டுக்கு மாற்றாமல் பியானோ சுருதியிலேயே வைத்தால், எஃப் ஷார்ப்பை ஒட்டி நிற்க வேண்டும். எஃப் அல்லது அதற்கும் கீழே காட்டினால் உதடு தளர்ந்திருக்கிறது, அல்லது நாக்கு வாயின் தரையில் படுத்திருக்கிறது. ஜி-யை நோக்கி ஏறினால் கடிக்கிறீர்கள். 4சி-யில் இந்தச் சுருதியை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தால் ஓரளவுக்கு மேல் இறங்க மறுக்கும். பி45 சொன்ன பேச்சைக் கேட்டு வெகுதூரம் இறங்கும். அதாவது 4சி உங்கள் தவறைப் பாதி மறைத்துவிடுகிறது, பி45 முழுதாகக் காட்டிக்கொடுக்கிறது.

நாக்கின் நிலையைச் சொல்லித்தருவதற்குத் தமிழ் ஈகாரமே போதும். குரல் இல்லாமல் "ஈ" என்று மூச்சுவிடுங்கள். நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களைத் தொடும். கீழ் ரெஜிஸ்டரிலும் இதே நிலைதான். உச்சி ரெஜிஸ்டருக்கு "ஷீ" என்கிறபோது நாக்கின் நடுப்பகுதி சற்று முன்னே நகர்கிறதே, அந்த அளவு போதும். கீழே "ஆ", மேலே "ஈ" என்று நாக்கைப் பெரிதாக ஏற்றி இறக்குகிறவர்களுக்கு ஒவ்வொரு தாவலிலும் ஒரு முக்கல் கேட்கும்.

இனி நாக்குத் தட்டு. நாக்கின் நுனி ரீடின் நுனிக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கீழே பட வேண்டும். "தீ" என்று சொல்லும்போது நாக்கு முன்னே பல்லை நோக்கிப் போகிறது. அந்த அசைவு சரியானது. "டீ" என்றால் நுனி மேலண்ணத்தை நோக்கி மடங்குகிறது, ரீடைத் தொடும் பாதை சுற்றுவழியாகிறது, கூடவே நாக்கின் பின்பகுதியும் சரிகிறது. வேகமாகத் தட்ட முடியவில்லை என்பவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தட்டும்போது காற்று நிற்கக் கூடாது. நாக்கு ரீடை அடிப்பதால் சுரம் பிறப்பதில்லை, நாக்கு விலகுவதால் பிறக்கிறது. குறுகத் தெறிக்க வேண்டிய இடங்களில் நாக்கு ரீட் மேல் தங்கி நிற்கும், அப்போதும் பின்னால் காற்று அழுத்தம் குறையாமல் காத்திருக்க வேண்டும்.

சோதிக்க ஐந்து சுரம் போதும்: கீழ் ரெஜிஸ்டர் சி, நடு ரெஜிஸ்டரின் அடி சி, அதன் மேல் ஜி, அதற்கு மேல் சி, உச்சி ஈ. நிமிடத்துக்கு 60 தட்டில் ஒரு தட்டுக்கு நான்கு சுரம், ஒவ்வொன்றிலும் பதினாறு முறை. பிறகு வேகத்தைப் படிப்படியாக 120 வரை கொண்டுபோங்கள். அப்போது நொடிக்கு எட்டுத் தட்டு. பெரும்பாலும் முதலில் இடறுவது உச்சி ஈ அல்ல, நடு ரெஜிஸ்டரின் ஜி. சுரம் தொடங்கும் கணத்தில் அடியில் ஒரு முனகல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஜி-யை நாக்கில்லாமல் கீழிருந்து இழுத்து ஊதிப் பாருங்கள். இழுக்கும்போது முனகல் இல்லை, தட்டும்போது மட்டும் இருக்கிறது என்றால் தவறு நாக்கில்: நுனி எழும்போது பின்பகுதி விழுகிறது, அல்லது தட்டும்போது தாடையும் சேர்ந்து ஆடுகிறது. கண்ணாடி முன் நின்றால் தாடை ஆடுவது தெரிந்துவிடும். இழுக்கும்போதும் முனகுகிறது என்றால் மவுத்பீஸை மிகக் கொஞ்சமாக எடுத்திருக்கிறீர்கள், அல்லது ரீட் மென்மை.

இந்தச் சோதனையில் 4சி-தான் முந்துகிறது, ஆச்சரியம் வேண்டாம். குறுகிய திறப்பு, மென்மையான ரீட் என்றால் நாக்கு லேசாகத் தொட்டாலே ரீட் அடங்கும், விட்டவுடன் பேசும். எம்30 இதற்கு அடுத்தபடி. உச்சி ஈ-யில் தட்டும்போது மூன்றிலும் மிகத் தூய்மையான தொடக்கம் இதில்தான் கிடைக்கிறது. பி45-இல் கெட்டி ரீட் போட்டு வேகத் தட்டு முயன்றால் சுரங்கள் சேற்றில் நடப்பதுபோல ஆகிவிடும். ரீடை அரை எண் குறைத்தால் கீழும் நடுவும் சுறுசுறுப்பாகும், உச்சியில் சுருதி இறங்கும். அந்தப் பேரத்தில் எதை விட்டுக்கொடுப்பது என்பது ஊதும் இசையைப் பொறுத்தது. உச்சி ரெஜிஸ்டரில் மூன்றிலுமே நாக்கு இன்னும் இலேசாகப் பட வேண்டும். மேலே ஏற ஏற ஊக்கத்தோடு அடிப்பது பலருக்கு இயல்பாக வந்துவிடுகிறது, பலன் நேர்மாறு: அடித்த வேகத்தில் ரீட் மூடிக்கொள்ளும்.

தொண்டைச் சுரங்கள், அதாவது கீழ் ரெஜிஸ்டரின் உச்சியிலுள்ள ஜி முதல் பி ஃபிளாட் வரை, எந்த மவுத்பீஸிலும் மங்கல்தான். பி ஃபிளாட்டுக்கு ரெஜிஸ்டர் துளையே சுரத் துளையாகவும் வேலை செய்ய வேண்டியிருப்பதால் வரும் குறை அது. வலக்கை விரல்களை முன்கூட்டியே மூடிவைத்தால் நிறம் கூடும், அடுத்த சுரத்துக்கான விரலும் தயாராக இருக்கும். ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்டும்போது வரும் கீச்சொலிக்கும் மவுத்பீஸைக் குறை சொல்ல வேண்டாம். பத்தில் ஒன்பது தடவை ஏதாவது ஒரு விரல் துளையை முழுதாக மூடியிருக்காது. பெரும்பாலும் வலது மோதிர விரல்.

ரீட் பொருத்துவதில் ஒரு நுணுக்கம். மவுத்பீஸ் நுனியை நேராகப் பார்த்தால் ரீடுக்கு மேலே கருப்பு விளிம்பு மயிரிழையாகத் தெரிய வேண்டும். ரீடை ஒரு மயிரிழை ஏற்றினால் கெட்டியாகும், இறக்கினால் மென்மையாகும். பி45-இல் 2½-க்கும் 3-க்கும் நடுவே தவிப்பவர்கள் 2½-ஐச் சற்று ஏற்றிப் போட்டுப் பார்க்கலாம். லிகேச்சர் (ரீடை மவுத்பீஸோடு பிணைக்கும் வளையம்) திருகுகளில் கீழ்த்திருகு இறுக்கமாக இருக்கட்டும்; மேல்திருகு ரீட் நகராத அளவுக்கு மட்டும்.

மேற்பற்கள் வழுக்குகிறதென்றால் மவுத்பீஸின் சரிவில் பல் பதியும் இடத்தில் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். 0.35 மி.மீ. மெல்லிய பட்டையும் 0.8 மி.மீ. தடித்ததும் பரவலாகக் கிடைக்கின்றன. தடித்தது வாயை இன்னும் கொஞ்சம் திறக்க வைக்கும், பல் அதிர்வையும் குறைக்கும். பட்டையில் பற்குழி ஒரு பக்கமாக விழுந்திருந்தால் கருவியைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சி.

எங்கள் தீர்ப்பு: தொடங்கி ஓராண்டுக்குள் இருப்பவர் 4சி-யை மாற்ற வேண்டியதில்லை, ரீடை மட்டும் 2-இலிருந்து 3-க்கு மெல்ல ஏற்றினால் போதும். ஏ–ஈ–சி ஷார்ப் ஏணி 4சி-யில் கடிக்காமல் வரத் தொடங்கியதும் எம்30 வாங்கலாம். மூன்று ரெஜிஸ்டரையும் சமமாகப் பயன்படுத்தும் குழு வாசிப்புக்கும் தனி வாசிப்புக்கும் பணத்துக்கு மதிப்பு இதில்தான் அதிகம். கீழ் ரெஜிஸ்டரே உயிர், சுரத்தை வளைத்துப் பேச வைக்க வேண்டும், உச்சிக்கு எப்போதாவதுதான் போவோம் என்பவருக்கு பி45, 2½ அல்லது 3 ரீடோடு. எம்30-இல் நிறைவில்லாமல் இன்னும் குவிந்த ஒலி தேடுபவர் வாண்டோரனின் 5ஆர்வி லைர் மவுத்பீஸையும் ஊதிப் பார்க்கட்டும்: 1.09 மி.மீ. திறப்பு, நடுத்தர ஃபேசிங், 4சி-யிலிருந்து தாவல் சிறியது.

வாண்டோரன் வாங்கும்போது பெட்டியின் மேல் 13 சீரிஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அவை ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற சுருதிக்கு அமைந்தவை, வழக்கமானவை 442-க்கு. உங்கள் குழு 442-இல் ஊதுகிறது என்றால் 13 சீரிஸ் மவுத்பீஸில் பேரலை முழுதாக உள்ளே தள்ளினாலும் சுருதி எட்டாமல் போகலாம். வழக்கமானதை 440-க்கு இறக்குவது எளிது, பேரலைச் சற்று வெளியே இழுத்தால் முடிந்தது. ப்ரொஃபைல் 88 என்று குறித்திருந்தால் மவுத்பீஸின் சரிவு மெலிந்து தாழ்ந்திருக்கும், வாய் குறைவாகத் திறந்தால் போதும். கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு சரிவையும் ஒரே ரீடில் ஊதிப் பார்த்தபின் முடிவெடுக்கலாம்.